நாடு கடத்தப்பட்ட ஷெய்கு

சென்ற வாரம் சிந்துவின் சூஃபி குருமார்களான பீர்களைப் பார்த்தோம். இந்த வாரம் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல்.

1895-ல் அங்கே பிரெஞ்சு அதிகாரிகள் ஒரு சூஃபி ஞானியைக் கண்டு அஞ்சினார்கள். அவர் பெயர் அமாது பம்பா. ஆயுதம் எடுத்தவரில்லை, ஓதுவதும் உழைப்பதுமே அவர் காட்டிய வழி. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் வீழ்த்திய வோலோஃப் அரசுகளின் போர்வீரர்களும் குடியானவர்களும் அவரிடம் பைஅத் என்னும் உறுதிமொழி செய்து முரீதுகள், அதாவது சீடர்கள், ஆனார்கள். அரசனை இழந்த மக்களுக்கு ஷெய்கு கிடைத்துவிட்டார். அது போதாதா? விசாரணை என்று ஒன்றை நடத்திக் காபோனுக்குக் கப்பலேற்றினார்கள். 1902-ல் திரும்பியவரை மறு ஆண்டே மொரித்தானியாவுக்கு அனுப்பினார்கள்.

தலைவர் இல்லாவிட்டால் கூட்டம் கலையும் என்று கணக்குப் போட்டார்கள். கூட்டம் பெருகியது. முரீதுகள் காடு திருத்தி நிலக்கடலை விதைத்தார்கள். காலனியின் வருவாயே கடலை ஏற்றுமதிதான் என்பதால், ஷெய்குவைப் பகைக்க முடியாத நிலைக்கு அரசு வந்தது. அவர் நாடு கடத்தப்பட்டதை நினைவுகூர்ந்து, ஆண்டுதோறும் இஸ்லாமிய மாதமான ஸபர் 18 அன்று தூபா நகரில் பல லட்சம் பேர் கூடுகிறார்கள். ஓர் ஆட்சியின் தண்டனை மக்களின் பெருவிழாவாக மாறிய இந்த வரலாறு என்னை ஒவ்வொரு முறையும் சிலிர்க்க வைக்கிறது.

1960-ல் விடுதலை. முஸ்லிம்கள் பெரும்பான்மையான நாட்டை 20 ஆண்டுகள் ஆண்டவர் செங்கோர் என்ற கத்தோலிக்கக் கவிஞர். பம்பாவின் மகனும் முரீதுகளின் தலைவருமான கலீஃபா ஃபாலிலு அவருக்குத் துணை நின்றார். கடலை வணிகத்தைக் கூட்டுறவுகளிடம் கொண்டுவர முயன்ற பிரதமர் மமது தியா, ஷெய்குகளின் அதிருப்தியைச் சம்பாதித்தார். 1962-ல் செங்கோருடன் மோதிச் சிறைக்குப் போனார். ஷெய்குகள் செங்கோருக்குத் தந்த ஆதரவை வெறும் வாக்கு பேரம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அரசாங்கம் எட்டிப் பார்க்காத கிராமத்தில் நிலம் தந்தவரும் வழக்குத் தீர்த்தவரும் ஷெய்குதான்.

ஆனால் ஷெய்குவின் சொல்லுக்கும் எல்லை இருந்தது. 1988 தேர்தலில் கலீஃபா அப்துல் அஹது, அதிபர் அப்து தியூஃபுக்கு வாக்களிக்காதவர் பம்பாவுக்குத் துரோகம் செய்தவர் என்றே அறிவித்தார். எதிர்த்து நின்ற அப்துலாய் வாடும் ஒரு முரீதுதான்! தியூஃப் வென்றார், ஆனால் நகரத்து முரீதுகள் முணுமுணுத்தார்கள். பின்னர் கலீஃபாவான ஸாலியு, 1993 தேர்தலில் எவருக்கும் வாக்குக் கேட்கவில்லை. 2000-ல் வாட் வென்ற கையோடு தூபா சென்று கலீஃபாவிடம் ஆசி பெற்றார். மதச்சார்பற்ற நாட்டின் அதிபர் இப்படிச் செய்யலாமா என்று பலர் கேட்டார்கள். 2012-ல் மக்கள் அதே வாடைத் தோற்கடித்தார்கள்.

(தொடரும்)