பாதரட்சை: சொல்லும் பொருளும்

திருமலை அடிவாரத்து அலிபிரியில் வேங்கடவனின் பாதரட்சைகளைத் தலையில் சுமந்து வலம்வரும் அடியார்கள், பின்னர் 3,550 படிகளை வெறுங்காலுடன் ஏறுகின்றனர். தமிழ்ச் 'செருப்பு'ம் தெலுங்குச் 'செப்பு'ம் ஒரே திராவிட வேரில் பிறந்தவை. வடமொழிப் 'பாதரட்சை'யோ பாதத்தின் காவல் எனப் பொருள்படும்.

அப்பொருளை மருத்துவம் மெய்ப்பித்த களங்களுள் ஒன்று வேலூர். 1911 வரை திருப்பதியும் வேலூரும் வட ஆர்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தில் இருந்தன, தலைநகர் சித்தூர். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் பாதம் தானாக அழுகுவதில்லை என்று காட்டினார். வலியுணரும் கால் அழுத்தம் மிகும்போது தன்னையறியாமல் நடையை மாற்றிக்கொள்கிறது. உணர்விழந்த காலோ ஒரே இடத்தில் ஊன்றி ஊன்றிப் புண்ணாகிறது. எனவே செருப்பே மருந்தாயிற்று: மெத்தென்ற நுண்துளை ரப்பர் உட்புறம், முள்ளும் கல்லும் ஊடுருவாத உறுதியான அடிப்புறம், அழுத்தத்தைப் பாதம் முழுதும் பகிரும் அமைப்பு. நாள்தோறும் உள்ளங்காலைப் பார்ப்பதும் சிகிச்சையின் பகுதியானது.

நீரிழிவால் உணர்விழந்த பாதங்களுக்கும் இன்று இதுவே நெறி. அத்தகையோர் படியேறுகையில் சுடுகல்லும் அவர்களுக்குச் சுடாது. தலை சுமக்கும் காவலுக்குரிய இடம் கால் என்பதைச் சொல்லே சொல்லிக்கொண்டிருக்கிறது.