அறளையும் அதன் முதற்குறிகளும்

முதுமையில் நினைவு தளர்ந்தோரை ‘அறளை பெயர்ந்தவர்’ எனக் கூறுதல் ஈழத்துத் தமிழர் வழக்கு. மூப்பின் இயல்பெனக் கொள்ளப்பட்ட இந்நிலையை நோயாக ஆராய்ந்த வரலாற்றில் முதன்மை பெறுபவள், முதியவளல்லள். ஐம்பத்தொரு வயதுப் பெண்ணொருத்தி.

1901ஆம் ஆண்டு நவம்பர் 25ஆந் திகதி, ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் ஒகுஸ்ரே என்னும் அப்பெண் சேர்க்கப்பட்டாள். வைத்தியர் அலோயிஸ் அல்சைமர் பென்சில், பேனா, திறப்பு முதலியவற்றைக் காட்டியபோது, அவள் அவற்றின் பெயர்களைச் சரியாகவே கூறினாள். சற்று நேரத்தில் எவற்றைக் கண்டாளென்பதை மறந்தாள். கணவனின் பெயரை வினவியபோதுந் தன் பெயரையே கூறினாள்.

ஆயினும் நோயின் தொடக்கம் இம்மறதியன்று. அல்சைமர் 1907இல் வெளியிட்ட கட்டுரை முதற்குறியாகச் சுட்டுவது, கணவன்மீது அவள் கொண்ட ஐயுறவையே. நினைவுத் தளர்ச்சி அதன் பின்னரே பேசப்படுகின்றது. சமையலிற் பிழைகள் நேர்ந்தன. சொந்த வீட்டினுள்ளேயே வழி தடுமாறினாள். பொருள்களை இடமாற்றி ஒளித்துவைத்தாள். குடும்பப் பூசலென்றோ கவனக்குறைவென்றோ எளிதில் தள்ளிவிடத்தக்க இக்குறிகளை முதலிற் கண்டது வைத்திய உலகமன்று, அவள் வீடு. நூல்களோ நுணுக்குக்காட்டியினூடாக நோக்கியவரின் பெயரையே நோய்க்கு இட்டு வழங்குகின்றன!

1906 ஏப்ரல் 8ஆந் திகதி அவள் இறந்தாள். அப்போது மியூனிக்கிற் பணியாற்றிய அல்சைமர், அவளது மூளையை வருவித்து ஆராய்ந்து, நரம்புக்கலங்களுள் முறுகிய நார்களையும் அவற்றுக்கு வெளியே படிவுகளையுங் கண்டார். அவ்வாண்டு நவம்பரில் ரியூபிங்கன் நகரில் அவர் இதனை விளக்கியபோது, அவையிலிருந்து ஒரு வினாதானும் எழவில்லை.

1910இல் கிரேப்பலின் தமது பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார். ஆனால், முதுமைக்கு முற்பட்ட அரிய நோயாக இது பிரித்து வைக்கப்பட்டமை பெருந்தீங்காயிற்று என்பதே எமது கருத்து. ஐம்பதில் நோயெனப்பட்ட அதே குறைபாடு, எழுபத்தைந்தில் வெறும் மூப்பெனப்பட்டது. முதியோரின் முதற்குறிகளைத் தேடவேண்டிய தேவையே எழவில்லை.

1968இல் பிளெசட், ரொம்லின்சன், ரோத் ஆகிய மூவரும், வாழ்நாளில் ஏற்பட்ட தளர்ச்சியின் அளவுக்கேற்ப முதியோர் மூளையிலும் அப்படிவுகள் மிகுந்திருந்தமையைக் காட்டினர். தளர்ச்சியை அளக்க அவர்கள் கையாண்ட வினாக்கொத்து, நோயாளரிடமன்றி அவரை அறிந்த உறவினரிடம் வினவுவதாகும். வீட்டு வேலைகளைச் செய்ய முடிகிறதா, சிறு தொகைப் பணத்தைக் கையாள முடிகிறதா, பழகிய தெருவில் வழி தெரிகிறதா என அது தொடங்குகின்றது, குணமாற்றங்களையும் விட்டுவைக்கவில்லை. அவற்றுட் பலவற்றுக்கு ஒகுஸ்ரேயின் கணவன் 1901இலேயே விடை கூறியிருந்தான்.