மனைவி என்னும் உரிமைக்காகச் சிறை சென்றோர்

வெளிநாட்டில் வாழும் கணவர் தம் மனைவியை அங்கு அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கும்போது, முதலில் தேவைப்படுவது திருமணச் சான்றிதழ். காவாந்தண்டலம் முதலிய உத்திரமேரூர் வட்டாரச் சிற்றூர்களுக்கும் இது புதிய செய்தியன்று. விண்ணப்பிப்பவரோ துணைவரோ முன்பு நாடு கடத்தப்பட்டவராயின் வாயில் இன்னும் குறுகிவிடுகிறது. பிரிந்த குடும்பம் ஒன்றுசேர அரசின் இசைவுக்காகக் காத்திருக்கும் இத்துயரை நம் முன்னோர் நூறாண்டுகளுக்கு முன்பே தென்னாப்பிரிக்காவில் பட்டனுபவித்தனர். அவ்வரலாற்றை நாம் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' கப்பல், நவம்பர் 16 அன்று தர்பன் துறையை அடைந்தது. அதில் சென்ற ஒப்பந்தத் தொழிலாளரிடையே கத்தோலிக்கரும் இருந்தனர். 1911 வரை நேட்டாலுக்குச் சென்றோர் 1,52,184 பேர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியே சென்றவர்கள். உத்திரமேரூரை உள்ளடக்கிய பழைய செங்கற்பட்டு மாவட்டமும் அவர்களை அனுப்பிய மாவட்டங்களுள் ஒன்று. ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்கினால் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி செலுத்த வேண்டும். முதலாண்டில் ஓர் ஆண் பெற்ற மாதக் கூலி பத்து ஷில்லிங். அவ்வாறெனில், அவ்வரி ஆறு மாத உழைப்பை விழுங்கியது!

அண்டைப் பகுதியான டிரான்ஸ்வாலில் ஆசியர் பதிவுச் சட்டம் 1907-இல் நடைமுறைக்கு வந்தது. காந்தியடிகள் தலைமையில் அதனை எதிர்த்துச் சிறை சென்றோருள் தமிழர் மிகப் பலர். சிறையால் அடங்காதவர்களை அரசு கப்பலேற்றி இந்தியாவுக்கு நாடு கடத்தியது. கணவர் கடலுக்கு இப்பால். மனைவியும் மக்களும் அப்பால். சென்னை வந்திறங்கியோரை ஜி. ஏ. நடேசன் வரவேற்றுப் பேணினார். அவர்களுள் பலர் மீண்டும் கப்பலேறித் திரும்பினர். அவ்வாறு திரும்பிய நாராயணசாமி என்பவர் தரையிறங்க அனுமதி பெறாமல் துறைமுகம் துறைமுகமாக அலைக்கழிக்கப்பட்டு, 1910 அக்டோபர் 16 அன்று டெலகோவா விரிகுடாவில் உயிர் நீத்தார். ஒருமுறை வெளியேற்றப்பட்டவர் தம் இல்லம் திரும்புவதற்குக் கொடுத்த விலை அது.

இதற்கிடையே மற்றுமோர் இடி விழுந்தது. ஹசன் எசப் என்பவரின் மனைவி பாய் மரியம் நாட்டினுள் நுழைய அனுமதி மறுக்கப்பட்டார். வழக்கை விசாரித்த கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சியர்ல், 1913 மார்ச் 14 அன்று தீர்ப்பளித்தார். பலதார மணத்தை அனுமதிக்கும் சமயத்தின் முறைப்படி நடந்த திருமணம் சட்டத்தின் பார்வையில் திருமணமாகாது என்பதே அதன் சாரம். இந்து, இசுலாமியப் பெண்டிர் பலருடைய மனைவி என்னும் நிலையே இதனால் ஐயத்திற்குள்ளாயிற்று. கிறிஸ்தவ முறைப்படி மணந்தோரைத் தீர்ப்பு தீண்டவில்லை.

அதுவரை ஆடவரே நடத்திய அறப்போரில் இப்போது பெண்கள் இறங்கினர். டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட பதினொரு பெண்களுள் ஏறத்தாழ அனைவரும் தமிழறிந்தோர். தம்பி நாயுடுவின் துணைவியாரும் அவர்களுள் ஒருவர். கைக்குழந்தைகளோடு நியூகாசிலை அடைந்து, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் மூன்று பவுன் வரியின் கொடுமையை எடுத்துரைத்தனர். சுரங்கங்களில் வேலைநிறுத்தம் பரவியது. பெண்கள் மூன்று மாதக் கடுங்காவல் பெற்றனர். பின்னர்ச் சிறைசென்ற வள்ளியம்மை என்னும் இளநங்கை நோயுற்று விடுதலையாகி, 1914 பிப்ரவரி 22 அன்று தம் பதினாறாம் வயதில் மறைந்தார்.

நியூகாசிலில் இப்பெண்களுக்குப் புகலிடம் தந்தவர் யார்? லாசரஸ் என்னும் தமிழ்க் கிறிஸ்தவர். இரண்டு மூன்று அறைகளே கொண்ட சிறு வீடு அவருடையது. அவர் குடும்பமும் ஒப்பந்தத் தொழிலாளர் வழிவந்ததே. எனவே வரியின் சுமையை அவர் அறிவார். ஆனால் சியர்ல் தீர்ப்பு அவரைப் போன்றோரின் மணவாழ்வை அசைக்கவில்லை. 'நமக்கு இதில் என்ன?' என்று அவர் கதவை அடைத்துக்கொள்ளவில்லை. அச்சிறு வீடு காந்தியடிகளுக்கும் வேலைநிறுத்தம் செய்தோருக்கும் சத்திரமாயிற்று. நவம்பர் 6 அன்று 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் எல்லை நோக்கி நடந்த நெடும்பயணம் அவ்வேலைநிறுத்தத்திலிருந்தே எழுந்தது.

1914-இல் நிறைவேறிய இந்தியர் துயர்நீக்கச் சட்டம் வரியை ஒழித்தது. ஒரு கணவருக்கு ஒரு மனைவி என்ற அளவில் இந்தியர் திருமணங்களை ஏற்றது. எனினும் வெற்றி முழுமையானதன்று. இலவசக் கப்பற்பயணம் பெற்று இந்தியா திரும்புவோர் அங்கு வாழும் உரிமையை எழுத்து மூலம் துறக்க வேண்டும் என்று அச்சட்டமே விதித்தது. கட்டாய நாடுகடத்தல் போய், கையொப்பமிட்ட நாடுகடத்தல் வந்ததெனலாம். 1953-இல் வேறொரு சட்டம் இந்தியாவிலிருந்து மணப்பெண்களை அழைத்துவருவதையும் தடுத்தது.

புலம்பெயர்ந்த தொழிலாளர் தம் குடும்பத்தோடு விரைவில் ஒன்றுசேரும் உரிமையுடையோர் எனத் திருப்பீடம் 1983-இல் வெளியிட்ட குடும்ப உரிமைச் சாசனம் அறிவிக்கிறது. நாடுகளுக்கு எல்லை காக்கும் கடமை உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், இறைவன் இணைத்தவரைப் பிரிக்கலாகாது என்று மணப்பந்தலில் கேட்கும் நாம், பிறர் சமயத்து மணமக்கள் பிரிக்கப்படும்போதும் அவ்வாக்கை நினைவுகூர்கிறோமா? நம் திருமணம் ஏற்கப்பட்டதென்னும் நிம்மதியோடு இருந்துவிடாமல், ஏற்கப்படாதோருக்குத் தம் சிறு வீட்டைத் திறந்தார் லாசரஸ். அவர் காட்டிய வழி நம் இல்லங்களுக்கும் வழியாகட்டும்.