சாளரம் வளர்ந்த சரித்திரம்

திருவனந்தபுரத்துக்கும் தமிழுக்கும் உள்ள உறவு நேற்று முளைத்ததன்று. இந்நகரத்து மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராய் விளங்கிய சுந்தரம் பிள்ளை அவர்கள் ‘மனோன்மணீயம்’ என்னும் நாடகத்தை 1891ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அத்தகைய வரலாறுகளை நம் போன்ற சங்கங்களின் மேடைகள் பன்முறை பேசியுள்ளன. இம்மலரில் அதிகம் பேசப்படாத வேறொரு சரித்திரத்தை எழுதப் புகுகின்றோம். பள்ளிக் கணிப்பொறியின் திரையில் நம் பிள்ளைகள் கண்டுவரும் சாளரங்களுக்கு மூதாதை எது? அஃது எவ்வழியே இவ்வூர் வந்தது? அதனுள் நம் எழுத்து இடம்பெற்றது எவ்வாறு? இவையே நாம் ஆராய விழைவன.

1983ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் ‘அதீனா’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. மாணவர் அனைவரும் கணிப்பொறியைக் கல்விக்குப் பயன்படுத்தவேண்டும் என்பது அதன் நோக்கம். டிஜிட்டல், ஐ.பி.எம். ஆகிய இரு நிறுவனங்களும் அதற்குத் துணைநின்றன. ஆயினும் ஓர் இடர்ப்பாடு எழுந்தது. ஒரு நிறுவனத்தின் பொறியில் படம் வரையும் நிரல், மற்றொன்றின் பொறியில் வரைய மாட்டாது. பொறிதோறும் நிரலைப் புதிதாய் எழுதுவதென்றால் அதற்கு முடிவேது?

அக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஷைஃப்ளரும், டிஜிட்டல் நிறுவனத்திலிருந்து அதீனாவுக்கு வந்திருந்த ஜிம் கெட்டிஸும் இதற்கு வழி கண்டனர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ‘டபிள்யூ’ என்னும் பெயரில் ஒரு சாளர அமைப்பு முன்னரே இருந்தது. அதில் நிரல் ஒரு கட்டளையை அனுப்பியபின் மறுமொழி வரும்வரை காத்துநிற்றல் வேண்டும். ஷைஃப்ளர் இதனை மாற்றினார். மறுமொழிக்குக் காத்திராமல் அடுத்தடுத்த கட்டளைகளைத் தொகுத்து அனுப்பும் முறையை வகுத்தார். ஆங்கில நெடுங்கணக்கில் ‘டபிள்யூ’வுக்கு அடுத்த எழுத்தாகிய ‘எக்ஸ்’ என்பதையே புதிய அமைப்புக்குப் பெயராக இட்டு, 1984 ஜூன் மாதத்தில் அறிவித்தார். பதிப்புகள் விரைந்து பெருகி, 1987 செப்டம்பரில் பதினோராம் பதிப்பு வெளிவந்தது. அந்தப் ‘பதினொன்று’ என்னும் எண் இன்றளவும் மாறவில்லை.

இதன் இயல்பை நம் இல்லத்தார் எளிதில் உணரலாம். ஓட்டலில் நம் மேசையருகே வந்து நிற்பவரைச் ‘சர்வர்’ என்கின்றோம். சமையற்காரர் உள்ளே எங்கோ இருக்கின்றார். நாம் கேட்டதை உள்ளே சொல்பவரும், உள்ளே ஆக்கியதைக் கொணர்ந்து நம்முன் வைப்பவரும் சர்வரே. எக்ஸ் அமைப்பிலும் சர்வர் என்பது நம் கண்ணெதிரே உள்ள திரையையும் விசைப்பலகையையும் ஆளும் பகுதியாகும். கணக்கிடும் நிரலோ அடுத்த அறையிலோ, அயல்நாட்டிலோ கூட இருக்கலாம். இரண்டையும் வலைப்பின்னல் இணைக்கும். இதனால் ஆற்றல் குறைந்த பொறியின்முன் அமர்ந்தவரும், தொலைவிலுள்ள பெரும்பொறியின் பயனைத் தம் சாளரத்தில் துய்க்க முடிந்தது.

நுட்பம் மட்டுமே இதற்கு வெற்றி தந்ததென்று கூறுதல் பொருந்தாது. சன் நிறுவனம் ‘நியூஸ்’ என்னும் போட்டி அமைப்பை இயற்றியது. வரைதிறனில் அதுவே மேலானது என்று கருதியோர் பலர். எனினும் எக்ஸ் நிலைபெற்றது. அதன் மூலநிரலை எவரும் பெறலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். ஒரு போட்டியாளரின் உடைமையை ஏற்கத் தயங்கிய நிறுவனங்கள், எல்லார்க்கும் பொதுவான ஒன்றை ஏற்கத் தயங்கவில்லை. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்க, அடுத்த ஆண்டிலேயே எக்ஸ் அதன்மீது இயங்கலாயிற்று. உயர்விலைப் பணிநிலையங்களில் இருந்த சாளரம் எளிய பொறிகளிலும் திறந்தது இவ்வாறேயாம்.

இனி நம் நகரத்துக்கு வருவோம். 1990இல் டெக்னோபார்க் இங்கு அமைந்தது. 2001 ஜூலை 20ஆம் நாள், சுதந்திர மென்பொருள் இயக்கத்தைத் தோற்றுவித்த ரிச்சர்டு ஸ்டால்மன் இந்நகர்க்கு வந்து, அவ்வியக்கத்தின் இந்திய அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். அதே ஆண்டில் கேரள அரசின் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டமும் பிறந்தது. மாணவர் எந்த மென்பொருளைக் கற்பது என்னும் வினா உடனே எழுந்தது. ஒரே நிறுவனத்தின் உடைமையை அரசுப் பள்ளி வாயிலாகப் பழக்குதல் தகாது என ஆசிரியரும் ஆர்வலரும் வாதாடினர். படிப்படியாகப் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறின. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பத்தாம் வகுப்புக் கணிப்பொறித் தேர்வு முழுவதும் சுதந்திர மென்பொருளிலேயே நடைபெறலாயிற்று. அப்பள்ளிகளின் திரையில் சாளரம் வரைந்தது எக்ஸ் அமைப்பே.

இராமேசுவரத்தில் பிறந்து, நம் தும்பாவில் பணியாற்றிய அப்துல் கலாம் அவர்களும், குடியரசுத் தலைவராய் இருந்த காலத்தில், 2003 மே மாதம் புனே நகரில் ஆற்றிய உரையில் திறந்த மூலநிரல் மென்பொருள் இந்நாட்டில் பெருகவேண்டும் என வற்புறுத்தினார்கள்.

இதனால் தமிழர்க்கு வந்த பயன் யாது? 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய ‘தமிழ்நெட் 99’ மாநாட்டின் பயனாகத் தமிழுக்கு ஒரு விசைப்பலகை வரையறுக்கப்பட்டது. எக்ஸ் அமைப்பின் விசைப்பலகை வரைவுகளில் அதுவும் பின்னர்ச் சேர்ந்தது. எந்த முதலாளியின் இசைவும் அதற்கு வேண்டியிருக்கவில்லை. அறிந்தவர் எழுதினர், பொதுவில் வைத்தனர். பூட்டிய வீடாயிருப்பின், நம் மொழி வாயிலில் நின்று காத்திருந்திருக்கும்.

எக்ஸ் குறையற்றதன்று. ஒரே திரையில் இயங்கும் ஒரு நிரல், வேறொன்றில் தட்டப்படும் எழுத்துகளை ஒற்றறியக் கூடிய தளர்ச்சி அதற்கு உண்டு. ஒருவரையொருவர் நம்பிய சிறு கல்விக்கூடத்தில் பிறந்ததன் விளைவு அது. ஆகவே 2008இல் ‘வேலண்டு’ என்னும் புதிய அமைப்பு தொடங்கப்பெற்று, இன்று பல லினக்ஸ் பதிப்புகளில் எக்ஸின் இடத்தைப் பெற்றுள்ளது. ஆயினும் எக்ஸுக்காகத் தொகுத்த விசைப்பலகை வரைவுகளையே அதுவும் கையாளுகின்றது. வீடு மாறியபோதும் நம் எழுத்து உடன் சென்றது.

கேரள அரசு தமிழ்வழி மாணவர்க்கும் பாடநூல் அச்சிடுகின்றது. நூலில் தமிழைக் கற்கும் பிள்ளை திரையிலும் தமிழைக் காணவேண்டாவா? பட்டியல்களையும் குறிப்புகளையும் தமிழில் பெயர்க்கும் பணி என்றும் முடிவதில்லை. பதிப்புத்தோறும் புதுச் சொற்கள் வந்துகொண்டேயிருக்கும். அதற்குப் பட்டமோ பதவியோ வேண்டா. இருமொழி அறிவும், மாலைப்பொழுதில் ஒரு நாழிகையுமே வேண்டும். நம் குடியிருப்பில் அவ்விரண்டும் உள்ள இளைஞர் பலர். அடுத்த ஆண்டு விழாவுக்குள் அவர்களிற் சிலரேனும் இப்பணியில் ஈடுபடுவாராயின், இந்நகர்த் தமிழின் வரலாற்றில் அதுவும் ஓர் ஏடாகும். பெற்றோர் ஊக்குவிப்பாராக, இளைஞர் முன்வருவாராக.