சமூகப் போதைத் தடுப்பு: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம்

மது, புகையிலை, கஞ்சா, மயக்க மாத்திரை முதலியவற்றை இளம்பருவத்தினர் விவரமறியா வயதிலேயே தொட்டுவிடாதிருக்கவும், தொட்டவர் அப்பழக்கத்திற்கு அடிமையாகுமுன் மீளவும், பெற்றோரும் ஆசிரியரும் ஊர்ப் பெரியோரும் அரசாங்கமும் ஒருங்கு கூடிச் செய்யும் முன்னேற்பாடுகள் சமூகப் போதைத் தடுப்பு எனப்படும். பொருளின் வரவைச் சட்டத்தால் அடைப்பது மதுவிலக்கு. பழக்கம் நோயாக முற்றியபின் செய்வது சிகிச்சை. இவ்விரண்டிற்கும் அப்பால், ஒரு சிறுவன் முதன்முறையாகப் போதையைச் சுவைக்கும் வயதைத் தள்ளிப்போடுவதும், கூடுமாயின் அந்த வேளையே வாராமற் செய்வதும் தடுப்பின் நோக்கமாகும். விருதுநகர் மாவட்டத்தின் மேற்கிலுள்ள இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மதுவிலக்குச் சரித்திரத்தோடும் ஆலைத் தொழிலோடும் சம்பந்தமுடைய ஊர்களாதலால், இவ்விஷயத்தை ஆராய்வதற்கு ஏற்ற களமாகின்றன.

ஊர்களின் இயல்பு

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில், சுமார் 11 கிலோமீட்டர் இடைவெளியில் இவ்விரு நகரங்களும் அமைந்துள்ளன. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இராஜபாளையத்தின் ஜனத்தொகை 1,30,442. ஸ்ரீவில்லிபுத்தூரின் ஜனத்தொகை 75,396. முன்னது நூற்பாலைகளுக்கும், அதனையடுத்த சத்திரப்பட்டி மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்கும் பேர்பெற்றது. பின்னது ஆண்டாள் கோயிலாலும் பால்கோவாவாலும் அறியப்படுவதுடன், மாவட்ட முதன்மை நீதிமன்றத்தின் இருப்பிடமாகவும் விளங்குவது. ஆலையில் மூன்று ஷிப்டு முறை நடக்கும் ஊரில், இரவு ஷிப்டு முடித்துவந்த தகப்பன் பகலில் உறங்குவதும், தாய் தறியிலோ கூலி வேலையிலோ இருப்பதும் வழக்கமாகையால், பள்ளிக்கூட மணி அடித்ததிலிருந்து இராச் சாப்பாடு வரையிலுள்ள சில மணி நேரம் பிள்ளைகள் கேட்பாரின்றித் திரியும் நேரமாகிவிடுகிறது. தடுப்பு முயற்சியின் பெரும்பகுதி இந்த நேரத்தைப் பற்றியதேயாகும்.

மதுவிலக்குச் சரித்திரம்

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கை 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் ஜில்லாவில் தொடங்கிவைத்தவர் இராஜாஜி. கள், சாராய வரி போனதால் நேர்ந்த நஷ்டத்தை ஈடுசெய்யும்பொருட்டு அவர் 1939-இல் கொண்டுவந்ததே பொது விற்பனை வரி. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் மந்திரிசபை 1948-ஆம் ஆண்டு காந்தி ஜயந்தியன்று மதுவிலக்கை மாகாணம் முழுமைக்கும் விரித்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவரையடுத்துப் பதவியேற்று 1952 வரை ஆட்சி செலுத்திய பூ. ச. குமாரசாமி ராஜா இராஜபாளையத்தில் பிறந்தவர்; தாம் வாழ்ந்த இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்கெனக் கொடுத்தவர். மதுக்கடையை மூடிய அரசியலும், மாலைப்பொழுதில் இளைஞர் சென்று அமர ஓரிடம் வேண்டும் என்னும் எண்ணமும் ஒரே மனிதரிடம் கூடியிருந்தன என்பது கவனிக்கத்தக்கது.

1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. பின்பு மீண்டும் விதிக்கப்பட்டு, 1981-இல் மறுபடியும் நீங்கியது. 1983-இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், நிறுவப்பெற்றது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே வந்தது. 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொரு முறையும் 500 கடைகள் மூடப்பட்டபோதிலும், மது வருவாய் ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாயைக் கடந்துவிட்டது. மது விற்கும் அரசாங்கமே மதுவுக்கு எதிராகப் பிரசாரமும் செய்யவேண்டியிருப்பது தமிழ்நாட்டுத் தடுப்பு முயற்சிகளின் தீராத சங்கடமாகும்.

சட்டங்கள்

மதுவும் போதைப் பொருள்களும் மருந்துக்கன்றிப் பிறவாறு நுகரப்படுவதை விலக்க முயலுமாறு அரசியலமைப்பின் 47-ஆம் ஷரத்து அரசுக்கு நெறி காட்டுகிறது. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்க்கு மது விற்கலாகாது. 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோர்க்கும், கல்வி நிலையங்களிலிருந்து 100 கெஜத்திற்குள்ளும் புகையிலை விற்பதைத் தடுப்பினும், அக்குற்றத்திற்கு அது விதிக்கும் அபராதம் 200 ரூபாய்க்கு மேற்படாது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவோ, குழந்தைக்கு மதுவோ புகையிலையோ போதைப் பொருளோ கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடந்தருகிறது. பள்ளி வாசலில் பெட்டிக்கடை வைத்திருப்பவரும், கடைக்குப் பிள்ளையை அனுப்பிப் பீடி வாங்கிவரச் சொல்லும் பெரியவரும் அறிந்திருக்க வேண்டிய பிரிவுகள் இவை. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, தாமாகவே சிகிச்சைக்கு முன்வரும் அடிமைகளைச் சில நிபந்தனைகளுக்குட்பட்டு வழக்கிலிருந்து விடுவிக்க வகைசெய்வதால், போலீசுக்குப் பயந்து மகனின் பழக்கத்தை மறைக்கும் பெற்றோர்க்கு அது பெரிதும் ஆறுதலளிப்பது.

பழக்கத்தின் பரவல்

அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயதுக்குட்பட்டோரில் 14.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 16 கோடிப் பேர், மது அருந்துவோர். கஞ்சா முதலியன உட்கொள்வோர் 2.8 விழுக்காட்டினர். பசை, தின்னர் போன்றவற்றை முகர்ந்து போதையேறும் பழக்கம் மட்டும் பெரியவர்களைவிடச் சிறுவரிடையே மிகுதி என்று அவ்வாய்வு கண்டது: பெரியோரில் 0.58 விழுக்காடு, சிறுவரில் 1.7 விழுக்காடு.

பள்ளிப் பருவத்தினரிடையே தமிழ்நாடெங்கும் அண்மையில் பரவியுள்ள புகையிலைப் பொட்டலம் தனியே குறிப்பிடத்தக்கது. 'கூல் லிப்' என்று வழங்கும் அது, தேயிலைப் பையைப் போன்ற ஆனால் விரல் நுனியளவேயான ஒரு சிறு பை. உதட்டுக்கும் ஈறுக்கும் இடையே அடக்கிக்கொண்டால் புகையில்லை, மெல்லுவதில்லை, வாயிலிருந்து வருவதோ புதினா மணம். ஆகவே ஆசிரியருக்கு எதிரே முதல் பெஞ்சில் அமர்ந்து பாடம் கேட்கும் மாணவன் வாயிலும் அது இருக்கக்கூடும். மெல்லும் புகையிலைக்கு 2013 முதல் மாநிலத்தில் தடையிருந்தும் அது மாணவர் கைக்கு எட்டுவது குறித்துச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024-இல் கவலை தெரிவித்தது.

தடுப்பு முறைகள்

தடுப்பு முயற்சிகளை அறிஞர் மூவகையாகப் பகுப்பர்: ஊரார் அனைவர்க்கும் பொதுவாகச் செய்வது ஒன்று, தந்தை குடிப்பவராயிருத்தல், படிப்பை இடையில் நிறுத்துதல் முதலிய காரணங்களால் ஆபத்து மிகுந்த பிள்ளைகளுக்கெனச் செய்வது மற்றொன்று, பழக்கத்தின் ஆரம்ப அறிகுறி தோன்றியவர்க்குச் செய்வது மூன்றாவது. மத்திய அரசு 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-இல் 272 மாவட்டங்களில் தொடங்கிய போதையில்லா பாரத இயக்கமும், தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய போதைப்பொருள் இல்லாத் தமிழ்நாடு இயக்கமும், அதன்கீழ்ப் பள்ளி, கல்லூரிகளில் அமைந்த போதைப்பொருள் எதிர்ப்பு மன்றங்களும் பெரும்பாலும் முதல் வகையைச் சார்ந்தவை. ஜூன் 26-ஆம் நாளாகிய சர்வதேசப் போதை ஒழிப்புத் தினத்தில் ஊர்வலம், மனிதச் சங்கிலி, உறுதிமொழி, ஓவியப் போட்டி ஆகியவை நடப்பதைத் தமிழ்நாட்டு நகரங்கள் எங்கும் காணலாம்.

எனினும், ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் அலுவலகம் 2013-இல் வெளியிட்டு 2018-இல் திருத்திய தடுப்பு நெறிமுறைகள், பயமுறுத்தும் படங்களும், மேடைச் சொற்பொழிவும், மீண்டவர் தம் கதையைச் சொல்லுதலும், தகவலை மட்டும் கொடுத்தலும் பலனளித்ததாகச் சான்றில்லை எனக் கூறுகின்றன. அமெரிக்காவில் 1983-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தோன்றி, போலீசாரே வகுப்பெடுத்த 'டேர்' என்னும் திட்டம் நாடெங்கும் பரவியும், பின்னர் வந்த ஆய்வுகள் அதன் பயன் சொற்பமே என்று காட்டின. மறுத்துச் சொல்லவும், கோபத்தை அடக்கவும், நண்பர் வற்புறுத்தலைச் சமாளிக்கவும் மாணவர் தாமே பேசியும் நடித்தும் பழகும் வகுப்புகள் அவற்றினும் மேலானவை.

குடும்பமும் ஊரும்

குடும்பத்தை நோக்கிய திட்டங்களில் பிரசித்தமானது, 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கும் பெற்றோர்க்குமென அமெரிக்காவில் உருவான குடும்ப வலிமைத் திட்டம். ஏழு வாரம், வாரத்திற்கு இரண்டு மணி நேரம். முதல் மணியில் பெற்றோர் ஓரறையிலும் பிள்ளைகள் மற்றோரறையிலும் இருந்து பயில்வர். இரண்டாம் மணியில் சேர்ந்தமர்ந்து, வீட்டில் எதற்கு இடமுண்டு, எதற்கு இடமில்லை, மீறினால் விளைவு என்ன என்பதைக் கூச்சலின்றிப் பேசி முடிவு செய்வர். ஐஸ்லாந்து நாட்டில் பெற்றோர் ஒப்பந்தம், இரவுக் கட்டுப்பாடு, விளையாட்டு, சங்கீதம் முதலியவற்றிற்கு உதவித்தொகை என்று ஊரே முனைந்ததன் பயனாக, ஒரு மாதத்திற்குள் குடித்து மயங்கியதாகச் சொன்ன 15, 16 வயதினர் 1998-இல் 42 விழுக்காடாயிருந்தது 2016-இல் 5 விழுக்காடாயிற்று.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய முன்மாதிரி, சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் கிராம முகாம்களாகும். திருவாரூர் வட்டாரத்து மஞ்சக்குடியில் நடந்த அம்முகாமில், குடிநோயாளரை நகரத்து மருத்துவமனைக்கு இழுத்துச் செல்லாமல், ஊருக்கே மருத்துவர் வந்து பதினைந்து நாள் சிகிச்சை அளித்ததோடு, மனைவிக்கும் உறவினருக்கும் ஆலோசனை கூறி, முகாமுக்குப் பின்னும் தொடர்ந்து விசாரித்துவந்தனர். குடிப்பவரின் வீட்டுப் பிள்ளைக்கு அதுவே முதல் தடுப்பாகவும் அமைகிறது.

இத்தகைய முறைகளை இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஊர்களில் நிலைநாட்டுவதற்கு வேண்டிய உறுப்புகள் ஏற்கெனவே உள்ளன. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் உண்டு. ஆலைகளில் தொழிற்சங்கங்கள் உண்டு. கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகமும் இராஜபாளையம் கல்லூரிகளும் மாணவர் படையைத் தரவல்லன. சுற்றுக் கிராமங்களில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஊர்வலம் ஒரு நாளோடு முடிவது. பெற்றோர் வகுப்போ ஷிப்டு நேரத்திற்கேற்ப ஞாயிறு மாலையில் ஏழு வாரம் தொடர்வது. ஆதலின் செலவும் சிரத்தையும் பின்னதற்கே முதலிற் செல்லவேண்டும்.

உதவி

போதைப் பழக்கம் பற்றிய ஆலோசனைக்கு 14446, மனநல உதவிக்கு 14416, குழந்தைகள் பாதுகாப்புக்கு 1098 ஆகிய எண்களை எவரும் கட்டணமின்றி அழைக்கலாம்.