நிற்கும் இடமும் முகத்தின் நிறமும்: தாம்பரம் வட்டாரக் குடும்பப் படங்களை முன்வைத்து

குடும்பப் படத்தில் நிறத் திருத்தம் என்பது ஒரு முகத்தைச் சரிசெய்யும் வேலையன்று. ஒரே சட்டகத்தில் இருக்கும் பல முகங்களுக்கு இடையிலான நிற உறவைக் காக்கும் வேலை. பாட்டி கருப்பு, மருமகள் மாநிறம், பேரன் சிவப்பு என்று வீட்டில் பேசிக்கொள்ளும் வேறுபாடு படத்திலும் அதே வரிசையில் தெரிய வேண்டும். இந்த வரிசை குலைவதற்குப் பெரும்பாலும் கணினியைக் குறை சொல்கிறார்கள். உண்மையில் அது ஆட்களை நிறுத்தும்போதே குலைந்துவிடுகிறது.

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் குரூப் போட்டோவுக்கு நிற்கும் முறை எல்லோருக்கும் பழகியது. பெரியவர்கள் நாற்காலியில், குழந்தைகள் கீழே, இளவட்டங்கள் பின்னால். இது மரியாதையின் வரிசை. ஃபிளாஷ் வெளிச்சத்துக்கு இந்த மரியாதை தெரியாது. தூரம் கூடக்கூட அதன் வலிமை தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். விளக்கு முன்வரிசைக்கு 2 மீட்டரிலும் பின்வரிசைக்கு 3 மீட்டரிலும் இருந்தால், முன்னால் இருப்பவர் பெறும் வெளிச்சத்தில் பாதிகூடப் பின்னால் நிற்பவருக்குச் சேராது. சுமார் 44 சதவீதமே சேரும். வெயிலில் வேலைக்கு அலையும் இளைஞர்தான் பெரும்பாலும் பின்வரிசையில் நிற்கிறார். ஏற்கெனவே கறுத்த முகம் ஒரு ஸ்டாப்புக்கு மேல், அதாவது வெளிச்சம் பாதியாகும் அளவுக்கும் மேல், இன்னும் கறுக்கிறது. முன்னால் இருக்கும் பாட்டியின் நெற்றியோ வெளுத்துப்போகிறது. பிறகு கணினியில் பின்வரிசையைத் தூக்கினால் நிழலில் புள்ளி எழும்பித் தோல் சொரசொரப்பாகிறது. விளக்கை 5 மீட்டருக்குப் பின்னால் நகர்த்தினால் பின்வரிசைக்கு 6 மீட்டர். வேறுபாடு அரை ஸ்டாப் அளவுக்குச் சுருங்கிவிடும். விளக்கின் வலிமையைக் கூட்ட வேண்டியிருக்கும், அவ்வளவே. நாற்காலி வரிசையைக் கலைக்கத் தேவையில்லை.

கறுத்த முகம் படத்தில் மேலும் கறுப்பது புதிதன்று. பழைய கண்ணாடித் தகடுகளுக்கு நீல ஒளி தெரியும், சிவப்பு தெரியாது. தென்னிந்தியத் தோல் திருப்பி அனுப்பும் ஒளியில் சிவப்பே மிகுதி. எனவே அத்தகடுகளில் மாநிறத்தவரும் கருப்பாகவே விழுந்தார்கள். ஸ்டூடியோக்காரர் இதற்குக் கண்ட மருந்து பென்சில். கருப்பு முகம் நெகட்டிவில் மெலிந்து தெரியும். அந்த மெலிந்த இடத்தில் பென்சிலால் தீட்டினால் அச்சில் வெளுக்கும். ‘டச்சிங்’ என்ற இந்தக் கைவேலை பாதி அழகுக்கலை, பாதி ரசாயனக் குறைக்குச் செய்த ஈடு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுறும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியுடன் 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டூடியோப் படங்களை எண்மப்படுத்தியுள்ளனர். அத்தகைய பழைய படங்களைப் பார்த்து அக்காலத்தவரின் நிறத்தை முடிவு செய்வது தவறாகவே முடியும்.

1960இல் உதகையில் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் விற்ற கருப்பு வெள்ளை ஃபிலிமில் நிகழக்கூடிய பிழை ஒன்றுதான்: வெளிச்சத்தின் அளவு. கலர் வந்தபின் நிறச் சாயலும் சேர்ந்து பிழை இரண்டாயிற்று. கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டையில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே அளவுகோலாக இருந்ததைக் கனடா ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் வெளியிட்ட கட்டுரையில் விரிவாக எழுதினார். அந்த அளவுகோல் இங்கே பொருந்தாது என்பதற்குத் தமிழ்ப் பேச்சே சான்று. “கொஞ்சம் செவப்பாப் போடுங்க” என்று கேட்பவர் வெள்ளையைக் கேட்கவில்லை. தமிழில் வெளிர்தோலுக்குப் பெயரே சிவப்பு. செல்போன் செயலிகளோ வெளிச்சத்தைக் கூட்டி, சிவப்பையும் மஞ்சளையும் வற்றச் செய்கின்றன. கிடைப்பது சிவந்த முகமன்று, சாம்பல் பூத்த முகம். கேட்டவர் கேட்டதுகூடக் கிடைப்பதில்லை என்பதே இதில் வேடிக்கை.

தோலின் நிறத்தைத் தருபவை மெலனினும் ரத்தத்தின் ஹீமோகுளோபினும். மனிதர்களிடையே மிகுதியாக மாறுவது வெளிச்ச அளவு. நிறத்தின் சாயல் குறுகிய எல்லைக்குள் நிற்கிறது. எனவே திருத்தவேண்டியது சாயலை, தொடக்கூடாதது வெளிச்ச வரிசையை. மண்டபத்தில் நீலம் பாய்ந்த எல்.இ.டி. குழல் ஒரு பக்கம், மஞ்சள் அலங்கார விளக்கு மறுபக்கம் என்றிருந்தால், முதல் படத்தில் ஒருவர் கையில் சாம்பல் அட்டையைக் கொடுத்து எடுத்துக்கொள்வது நல்லது. முழுப் படத்துக்கும் ஒரே திருத்தம் என்பதற்கு அது அடித்தளம். அதன் பிறகு எஞ்சுவது இடவாரியான பிழைகள்: பச்சைச் சுவரை ஒட்டி நிற்பவரின் கன்னத்தில் பச்சை, சிவப்புப் பட்டு உடுத்தியவரின் தாடைக்கடியில் சிவப்பு. சுவரிலிருந்து இரண்டடி முன்னால் வரச் சொன்னால் முதல் பிழை மறையும். இரண்டாவதைக் கணினியில்தான் தீர்க்கவேண்டும். மஞ்சள் பூசிக் குளித்த முகத்தின் மஞ்சள் பிழையன்று. அதை நீக்கும் திருத்தம் அந்த அம்மாளை மாற்றிவிடுகிறது.

மொட்டை மாடிப் படங்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. தாம்பரம் ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. கண்குழிகள் கருங்குழிகளாகும். வாசல் போர்ட்டிகோவின் நிழலில், வெளியைப் பார்த்து நிறுத்தினால் போதும்.

மறைந்தவரைச் சேர்த்துக் கேட்கும் படமே கடினமானது. பழைய கருப்பு வெள்ளைப் படத்திலிருந்து எடுத்த தாத்தாவின் முகத்துக்கு ஒளி ஒரு திசையில், பக்கத்தில் இருப்பவருக்கு வேறு திசையில். நிழலைப் பொருத்தலாம், நிறத்துக்கு எந்த அட்டையும் இல்லை. அவரைப் பார்த்துப் பழகிய ஒருவரைத் திரைக்கு முன் உட்காரவைத்துக் கேட்டபிறகே அந்த முகத்துக்கு நிறம் கொடுக்க வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் அதைக் கருப்பு வெள்ளையாகவே விட்டுவிடுவது நேர்மை.