காட்டுக்குள்ள ஹாம் ரேடியோ கொண்டு போகலாமா? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போறவங்க தெரிஞ்சுக்க வேண்டியவை

ஒரு சின்ன ரேடியோ, ஒரு பேட்டரி, 10 மீட்டர் வயர். இது இருந்தா, செல்போன் டவர் கிடைக்காத மலையடிவாரத்தில் இருந்தே வெளிநாட்டில் இருப்பவரோடு பேசலாம். ஆனா, ரேடியோ உரிமம் வேற, காட்டுக்குள்ள போற அனுமதி வேற!

யார் பேசலாம்?

12 வயது நிறைந்தவர்கள் தேர்வு எழுதி, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவிடம் உரிமம் பெறலாம். அதோடு தனி அழைப்புக் குறியீடும் கிடைக்கும். உரிமம் இல்லாமல் ஹாம் அலைவரிசையில் பேசுவது குற்றம். உரிமத்தில் உள்ள முகவரிக்கு வெளியே இயக்கவும் விதிகள் உண்டு. கிளம்பும் முன் கேட்டுக்கோங்க.

பூங்காவில் ஏன்?

அமெரிக்க தேசியப் பூங்கா சேவையின் நூற்றாண்டையொட்டி, 2016-ல் அங்குள்ள ஹாம் அமைப்பான ஏஆர்ஆர்எல் ஓராண்டு நிகழ்ச்சி நடத்தியது. அதைத் தொடர்ந்து வந்ததுதான் 'பார்க்ஸ் ஆன் தி ஏர்'. பட்டியலில் உள்ள பூங்காவுக்குள் இருந்து ஒரே நாளில் 10 பேரோடு பேசினால் கணக்கில் சேரும்.

நம்ம ஊரில் என்ன நிலை?

சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. ஹாம் உரிமத்தைக் காட்டினாலும் செல்லாது. ரேடியோ கொண்டு போவதையும் சொல்லியே அனுமதி கேளுங்க.

வேற வழி?

காப்பகத்துக்கு வெளியே தெரிஞ்சவர் தோப்பில் உட்கார்ந்து பேசலாம். பூங்கா கணக்கில் சேராது, ஆனா பேச்சு கிடைக்கும். விஎச்எஃப் அலையை மேற்கே மலை மறைக்கும். 7 மெகாஹெர்ட்ஸ் அலை வானில் பட்டுத் திரும்புவதால் மலை பெரிய தடையில்லை. பகலில் சென்னை, பெங்களூரு வரை எட்டும். தூர நாடுகளுக்கு 14 மெகாஹெர்ட்ஸ்.

இதை மறக்காதீங்க

* மின்கம்பி அருகே ஆன்டெனா கட்டாதீங்க.
* இடி கேட்டதும் வயரைக் கழற்றிட்டு விலகிடுங்க.
* போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லுங்க.

ஆபத்தில் உதவுமா?

2004 டிசம்பரில் ஹாம் குழுவோடு அந்தமான் போயிருந்தார் பாரதி பிரசாத். சுனாமி தாக்கி தொலைபேசிகள் முடங்கியபோது, அவருடைய ரேடியோ வழியாகத்தான் பலரின் குடும்பங்களுக்குத் தகவல் போனது. 2015-ல் சதுரகிரியில் திடீர் காட்டாற்று வெள்ளம் பக்தர்களின் உயிரைப் பறித்தது. சிக்னல் இல்லாத மலையில் ரேடியோ கைகொடுக்கலாம். ஆனா வெள்ளத்தை அது நிறுத்தாது. வனத்துறை 'போகாதீங்க'ன்னு சொன்னா, அன்னைக்கு ரேடியோவும் வீட்டிலேயே இருக்கட்டும்.